சாமிக்கு வந்த தூக்கம்

கேப்டன் யுகேந்திரன் தூங்குவதற்காக வீட்டுக்கு வந்தான். அதுதான் அவன் செய்த முதல் தவறு.

இரண்டாவது தவறு, வருகிறேன் என்று முன்கூட்டியே ஃபோன் செய்து சொன்னது.

சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்ற இடத்தில் இப்போது ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அதில் மூலை வீடு அவனுடையது. டாக்ஸியை விட்டு இறங்கியதும் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தான். கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு செருப்பு சேராது.

நாலைந்து இரவுகளாக அவன் ஆகாயத்தில்தான் இருந்தான். கோலாலம்பூர், கொச்சி, மறுபடி கோலாலம்பூர், பிறகு பினாங்கு, கடைசியாக ஈப்போ. கெனாரி ஏர் என்பது குடிக்கும் தண்ணீருக்கும் காசு வாங்கும் விமானக் கம்பெனி. விமானிகளின் ஓய்வுக்கு அது ஹோட்டல் அறை தர வேண்டும் என்பது விதி. ஆனால் கேப்டனும் கோ-பைலட்டும் ஈப்போ பக்கத்து ஆட்கள் என்று கண்டுபிடித்த அன்றே கம்பெனி அவர்களுடைய குடும்ப வாழ்க்கையின் மேல் திடீர் அக்கறை கொண்டுவிட்டது. 'வீட்டில் ஓய்வு, விருப்பத்தின் பேரில்' என்று ஒரு புதுத் திட்டம். விருப்பம் யாருடையது என்று அதில் எழுதவில்லை.

'நல்ல தூக்கமே நல்ல பயணம்' என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதில் சிரிக்கும் தலையணை ஒன்றின் படம் இருந்தது. கம்பெனி அவனுக்குக் கொடுத்த ஒரே தலையணை அதுதான்.

"சத்தம் போடாதீங்கலா, புள்ள தூங்கப் போறான்" என்று அம்மா நல்லம்மாள் கத்திய கத்தலில் எதிர் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

வீட்டில் கல்யாணக் களை. தம்பி பவித்ரனுக்கு மறுநாள் சாயங்காலம் ஜொகூரில் பரிசம். பெண் வீடு ஜொகூர். தட்டுகளோடு மொத்தக் குடும்பமும் மறுநாள் மத்தியானம் ஈப்போவிலிருந்து விமானத்தில் போகிறது. அந்த விமானத்தை ஓட்டப் போவது யார் என்பதுதான் விசேஷமே.

"எங்க சொந்த பிளேன்லதான் வாரோம்" என்று அப்பா அப்பாவு சம்பந்தியிடம் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தி வீட்டில் விமானம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

யுகேந்திரன் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். தோள்பட்டையில் நான்கு தங்கக் கோடுகள். நாலாவது கோடு வந்து மூன்றே வாரம். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. இந்தச் சமயத்தில் மேலிடம் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தால் போதும், கோடு உதிர்ந்துவிடும். இடது பக்கக் கேப்டன் சீட்டிலிருந்து மறுபடி வலது பக்கக் கோ-பைலட் சீட்டுக்கு நகர வேண்டியதுதான். அவன் பத்து வருஷம் உழைத்திருந்தான். நகர்வதற்கு அல்ல, இடது பக்கத்துக்கு.

கண்ணை மூடினான். கதவு திறந்தது.

"தூங்குறியா யுகா?" இருளாயி அத்தை.

"ஆமா அத்தே."

"தூங்கு தூங்கு, நான் எழுப்ப வரல. பலகாரத் தட்ட மடியில வெச்சிக்கிட்டா உங்க ஆளுங்க ஏசுவாங்களா?"

"மேல வைக்கணும் அத்தே."

"முறுக்கு ஒடஞ்சிருமேலா. நீ கொஞ்சம் பாத்து ஓட்டு. சரி, நீ தூங்கு."

அத்தை போனதும் அம்மா வந்தாள், அத்தை எழுப்பிவிட்டாளா என்று விசாரிக்க. அம்மா போனதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பேரனை அழைத்து வந்தார். பைலட் தூங்குவது எப்படி இருக்கும் என்று அந்தப் பையன் பார்த்ததே இல்லையாம். அன்று பகல் முழுக்க அந்தக் கதவு ஈப்போ பஸ் ஸ்டேஷன் கதவு மாதிரி இயங்கியது. வந்த ஒவ்வொருவரும் சொன்னது ஒரே விஷயம்தான். நன்றாகத் தூங்கு.

சாயங்காலம் யுகேந்திரன் சிவந்த கண்களோடு கூடத்துக்கு வந்தான்.

"அப்பா, ரொம்பக் களைப்பா இருக்குப்பா."

அப்பாவு செய்தித்தாளை மடித்தார். ரப்பர் தோட்டம் இருந்த நாளில் அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, வந்தவனை வேலைக்கு அனுப்பி, வராதவனை லயத்துக்கே போய் இழுத்து வந்தவர். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. மண்டோர் மட்டும் மிச்சம்.

"காச்சலா?"

"இல்ல."

"வாந்தி, பேதி?"

"இல்லப்பா. தூக்கம் இல்ல. தலை சுத்துது."

"அப்ப சீக்கு இல்ல" என்று தீர்ப்பு வந்தது. "என் காலத்துல களைப்புன்னு எவனும் பெரட்டுல சொன்னதில்ல. சொல்ல வுட்டதில்ல. மூஞ்சக் கழுவிட்டு வந்து உக்காரு, சம்பந்திக்கு வீடியோ கால் போடணும்."

இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூடத்தில் உறவினர்கள் பாய் விரித்துப் படுத்து ஆளுக்கொரு சுருதியில் குறட்டை விட்டார்கள். பவித்ரன் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்து, இந்தக் கல்யாணம் தேவைதானா என்ற சந்தேகத்தை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு கட்டத்தில் சந்தேகம் தீர்ந்து அவன் தூங்கிவிட்டான். அந்தச் சந்தேகத்தை அதற்கப்புறம் விடியும் வரை சுமந்தது அண்ணன்.

காலையில்தான் விஷயம் விபரீதமானது.

புறப்படுவதற்கு முன்னால் முனியாண்டி சாமி படத்துக்கு முன் தட்டுகளை அடுக்கினார்கள். பழம், பலகாரம், பூ, பட்டுப்புடவை. மூத்த மகன்தான் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது குடும்ப வழக்கம். யூனிபார்ம் போட்டுக்கொண்டு காட்டினால் படம் நன்றாக வரும் என்பது பவித்ரனின் வழக்கம். அவனே கைப்பேசியில் உறுமிச் சத்தத்தைப் போட்டுவிட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

யுகேந்திரன் கற்பூரத் தட்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் கை மெதுவானது. மூன்றாவது சுற்று பாதியில் நின்றது. கண்கள் மூடின. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

கூடம் அடங்கியது.

"வந்துட்டாருலா" என்றாள் இருளாயி அத்தை, மூச்சு விடாமல். "முனியாண்டி வந்துட்டாரு."

நல்லம்மாள் தலைக்கு மேல் கை குவித்தாள். யாரோ ஓடிப்போய் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டு வந்தார்கள். யுகேந்திரனின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. சாமியின் உறுமலாக அதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவு மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது.

"சாமி, என்னா கொறை? வாய் தொறந்து சொல்லுங்க" என்றாள் அத்தை.

"தூங்க வுடுங்க" என்றது சாமி.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"பயணம் போலாமா சாமி? பிளேன்ல ஏறலாமா?"

அந்த நேரத்தில் யுகேந்திரன் அங்கே இல்லை. ஈப்போ வானத்தில் இருந்தான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறான். கீழே ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் குன்று ஒன்று வெள்ளையாக எழுந்து நிற்கிறது. பெரிதாகிறது. விசைத்தண்டை இழுக்கிறான், கை அசையவில்லை.

"மல..." என்றான். "மல கிட்ட வருது... ஏறாதீங்க... யாரும் ஏறாதீங்க..."

கற்பூரச் சுடர் சரிந்து அவன் கட்டை விரலைத் தொட்டது. சாமி, "ஆ" என்று மலையேறியது.

யுகேந்திரன் கண்ணைத் திறந்தான். அவனுடைய மொத்தக் குடும்பமும் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் யாரோ அவசரமாகத் திருநீறு அப்பினார்கள். முகத்தில் மஞ்சள் தண்ணீர் வழிந்து, தங்கக் கோடுகள் மேல் சொட்டியது.

"அத்தே, நான் தூங்கிட்டேன்" என்றான்.

"உனக்கு அப்படித்தான் தோணும்" என்றாள் அத்தை, அனுபவசாலியின் கனிவோடு. "சாமி வந்து போனது அருள் வாங்குனவனுக்குத் தெரியாது."

"இல்ல அத்தே, நெசமாவே தூங்கிட்டேன். நேத்திலேருந்து சொல்றேனே."

நேற்றிலிருந்து அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சாமி ஒரே ஒரு தடவை சொன்னது. காபி ஆறுவதற்குள் குடும்பம் முடிவெடுத்துவிட்டது. விமானம் வேண்டாம். அமான்ஜெயா பஸ் நிலையம் போய் ஜொகூர் பஸ் பிடித்தால் சாயங்காலப் பரிசத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். பவித்ரன் ஃபோனில் பஸ் டிக்கெட் தேட ஆரம்பித்தான்.

"அப்ப நான்?" என்றான் யுகேந்திரன்.

அம்மா அவனைப் புரியாமல் பார்த்தாள். "நீ என்னா? நீ வேலைக்குப் போப்பா. நேரமாச்சு."

"பிளேன்ல ஏற வேணாம்னு சாமி சொல்லுச்சில்ல."

"அது எங்களுக்குச் சொன்னதுலா" என்றாள் அத்தை. "உனக்குச் சம்பளம் குடுக்குறாங்கல்ல."

யுகேந்திரன் வாசலுக்கு வந்து அப்பாவின் காரில் உட்கார்ந்தான். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே ஏறினார்.

"அது சாமி இல்ல. கொறட்ட" என்றார். "பெரட்டுக்கு வராம இருக்க சாமி ஆடுனவன் எத்தன பேரப் பாத்திருப்பேன். எல்லாச் சாமியையும் நான் களத்துலயே எறக்கியிருக்கேன். நெசமா வந்த சாமி கொறட்ட விடாது."

"அப்ப என்னை நம்புறீங்க."

"நம்புறேன். அதான் நானும் பஸ்ல போறேன்."

"என்னை மட்டும் வேலைக்குப் போகச் சொல்றீங்க."

"பெரட்டு வேற, பயணம் வேற. பேர் கூப்புடுறப்ப ஆள் இருக்கணும். நாலு கோடு சும்மா வரலடா. ஒனக்குத் தெரியும்."

"மத்தவங்க ஏறுவாங்களேப்பா. நூத்துக்கு மேல இருக்காங்க."

"ஓட்டுறது யாரு புள்ளன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார் அப்பாவு.

சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யுகேந்திரன் கடைசி நம்பிக்கையாக ஸைஃபுலுக்கு ஃபோன் போட்டான். கோ-பைலட். ஈப்போ பசார் பக்கத்தில் அவன் வாப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. சுறுசுறுப்பான பையன், கண்கொத்திப் பாம்பு மாதிரிக் கவனம். அவன் தெளிவாக இருந்தால் போதும், சமாளித்துவிடலாம்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் ஒரு குழந்தை வானத்தையே கிழித்துக்கொண்டிருந்தது.

"ஸைஃபுல், ராத்திரி தூங்கினியாடா?"

"எங்கண்ணே. புள்ள பொறந்து வர்ற வெள்ளி ஜும்ஆவோட ரெண்டு வாரம். வீட்டுல ஃபர்சானாவுக்கு முடியல. ராத்திரி பூரா நான்தான் தோள்ல போட்டு நடந்தேன். கொச்சி வரைக்கும் நடந்திருப்பேன்."

"இதை நீ கம்பெனிக்குச் சொல்லலையா?"

"நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அண்ணே வரலாம்னு இருந்தேன். நீங்க ஓட்டுவீங்க, நான் பக்கத்துல கண்ணு தொறந்த மாதிரி இருந்துக்கலாம்னு."

"நான் நீ இருக்கேங்கற தைரியத்துல இருந்தேன்டா."

குழந்தைகூட ஒரு கணம் அழுகையை நிறுத்தியது.

"அப்ப யாரு அண்ணே ஓட்டுறது?"

"பிளேன் ராத்திரி பூரா ஏர்போர்ட்டுல நல்லாத் தூங்கியிருக்கும். அதையே ஓட்டச் சொல்ல வேண்டியதுதான்."

ஃபோனை வைத்தான். கம்பெனி விதிப்புத்தகத்தில் தெளிவாக ஒரு வரி இருந்தது. களைப்பாக உணரும் விமானி பறக்கக் கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும், அதற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது. கெனாரி ஏரில் அந்த வரியைக் கடைசியாக நம்பியவர் இப்போது சுபாங்கில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியில் வெள்ளைப் பலகை துடைத்துக்கொண்டிருந்தார்.

தோள்பட்டையைப் பார்த்தான். நாலாவது கோட்டில் மஞ்சள் கறை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். பெற்ற தகப்பனே ஏறத் துணியாத விமானம்.

கம்பெனி எண்ணை அழுத்தினான். எதிர்முனையில் மகேந்திரன். கோலாலம்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் எந்த விமானத்தில் என்று பணி அட்டவணை போடுகிறவர். அவர் குரல் எப்போதும் புதிதாக இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

"சொல்லுங்க கேப்டன்."

"மகேந்திரன், நான் களைப்பா இருக்கேன். இன்னிக்குப் பறக்க மாட்டேன். முறைப்படி ரிப்போர்ட் பண்றேன்."

"கேப்டன், என் ஸ்கிரீன்ல நீங்க பச்சையா இருக்கீங்க. ஒரு நாள் முழுக்க ஓய்வு. சட்டப்படி நீங்க களைப்பா இருக்க முடியாது."

"சட்டம் எங்க வீட்டுக்கு வந்து பாக்கலையே."

"காய்ச்சல் இருக்கா?"

பக்கத்து சீட்டில் அப்பாவு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல."

"வாந்தி ஏதாவது?"

"இல்ல."

"அப்ப இதை நான் என்னன்னு எழுதுறது கேப்டன்? ஈப்போவுல மாத்து ஆள் கிடையாது. ஃபிளைட் கேன்சல் ஆகும். தகுதிகாண் நேரத்துல இதெல்லாம் நல்லா இருக்காது. உங்க நல்லதுக்குச் சொல்றேன். மூஞ்சி கழுவிட்டு, ஒரு கோப்பி குடிச்சிட்டு..."

அப்பாவுவின் முகம் மாறிக்கொண்டே போனது. ஒரு நல்ல தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைக் கேட்கிற முகம். முப்பது வருஷம் அவர் பேசிய வார்த்தைகள், அதே வரிசையில், கொஞ்சம் இங்கிலீஷ் மணத்தோடு வந்துகொண்டிருந்தன. முதல் தடவையாக அவற்றை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்.

"நல்ல மண்டோரு" என்று முணுமுணுத்தார். பிறகு மகனிடம் மெதுவாக, "தூங்கி வழிஞ்சவன நான் அனுப்புனா, அவன் பால் வெட்டுற கத்தி பட்டு மரத்துக்குத்தான் காயம். மரம் கத்தாது. நீ வெச்சிருடா ஃபோன்."

யுகேந்திரன் வைக்கவில்லை. "களைப்புன்னே எழுதுங்க மகேந்திரன்" என்றான். "வேற பேரு இல்ல. ஸைஃபுலும் கூப்புடுவான். அவனுக்கும் அதையே எழுதுங்க."

அதன் பிறகுதான் ஃபோனை வைத்தான்.

அமான்ஜெயாவில் ஜொகூர் பஸ் நிரம்பி வழிந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஈப்போவிலிருந்து ஜொகூருக்குப் போக வேண்டிய ஒரு விமானம் ரத்தாகி, பாதிப் பயணிகள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். யுகேந்திரன் பவித்ரனின் பழைய டீ-சட்டையில், மடியில் பலகாரத் தட்டோடு, சன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"பைலட்டுக்குத் தூக்கம் வந்திருச்சாம்லா" என்றார் முன் சீட்டு ஆள், பஸ் முழுவதற்கும். "சம்பளம் வாங்குறப்ப மட்டும் முழிச்சிருப்பானுங்க."

"பொறுப்பில்லாதவன்" என்று இருளாயி அத்தை மனதார ஒத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. வாயைத் தட்டு மூடியால் மறைத்துக்கொண்டாள்.

யுகேந்திரனுக்கு அது கேட்கவில்லை. பஸ் டெர்மினலை விட்டு வெளியே வருவதற்குள் தூங்கிவிட்டான். அவனைச் சுற்றி மொத்தக் குடும்பமும் முதல் தடவையாகக் கிசுகிசுத்துப் பேசியது. அருள் இறங்கினால் உடம்பு அசரும், எழுப்பக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாள்.

அப்பாவு மட்டும் உட்காரவில்லை. முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நேத்து எங்க ஓட்டுன?"

"பினாங்கு அங்கிள்."

"ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேன் அங்கிள். போய் உக்காருங்க."

"கண்ணக் காட்டு."

"அங்கிள், ரோட்டப் பாக்கணும்லா."

"அதான் கேக்குறேன். கண்ணக் காட்டு."

தாப்பா ஊர் தாண்டும் வரை டிரைவர் தன் கண்ணையும், குடும்ப வரலாற்றையும், முந்தின நாள் சாப்பாட்டையும் ஒப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் அப்பாவு அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஜொகூர் வரை பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பஸ்ஸில் தூக்கம் வராமல் போனது டிரைவருக்கு மட்டும்தான்.

ஜொகூரில் இறங்கியபோதும் யுகேந்திரன் எழவில்லை. பவித்ரனும் மாமன் ஒருவரும் தட்டுகளைத் தூக்குவது போலவே அவனையும் இரண்டு பக்கம் பிடித்து இறக்கி, சம்பந்தி அனுப்பிய வேனில் சாய்த்தார்கள். பெண் வீட்டு வாசலில் சம்பந்தி ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

"பைலட் எங்க?"

"வேன்ல. தூங்குறான்" என்றார் அப்பாவு.

"சொந்த பிளேன்ல வாரோம்னு சொன்னீங்களே."

"பிளேனுக்கு இன்னிக்கு ஓய்வு."

பரிசத் தட்டு மாற்றும் நேரத்தில் யுகேந்திரனின் கைப்பேசி அப்பாவுவின் சட்டைப்பையில் அதிர்ந்தது. வேனிலிருந்து இறங்கும்போது அவர்தான் அதை எடுத்து வைத்திருந்தார். திரையில் மகேந்திரன் பெயர். அப்பாவு கூட்டத்தை விட்டு விலகி, வாழைமரத்துப் பக்கம் போய் எடுத்தார்.

"கேப்டன்" என்றது இஸ்திரிக் குரல். "மேலிடத்துல பேசிட்டேன். நாலாவது கோடு இப்போதைக்குத் திரும்பி வரணும்னு சொல்றாங்க. வருத்தம்தான். ஒரு நல்ல விஷயம், நீங்க இப்ப ஜொகூர்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். நாளைக்குக் காலையில செனாய் ஏர்போர்ட்லேர்ந்து ஒரு ஃபிளைட்டுக்குக் கோ-பைலட் இல்ல. பஸ்ல வந்த நேரத்தையும் ஓய்வாப் போட்டுப் பாத்தேன். நீங்க மறுபடி பச்சையாயிட்டீங்க."

அப்பாவு வேனைத் திரும்பிப் பார்த்தார். சன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வாய் திறந்து, அவர் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று கோடோ நான்கு கோடோ, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவன் தூங்குறான் தம்பி" என்றார். "நான் அவன் அப்பா. அவன் தானா எந்திரிச்சு, தானா கூப்புடுவான். அதுவரைக்கும் கூப்புடாதீங்க."

"சார், நாளைக்கு ஃபிளைட்..."

"இருங்க" என்றார் அப்பாவு, குரலில் மெய்யான மரியாதையோடு. "ஒங்களக் கேக்கணும்னு காலையிலேருந்து நெனச்சிட்டு இருக்கேன். நீங்க எந்தத் தோட்டத்துல மண்டோரா இருந்தீங்க?"